என் பயத்துக்கு ஒரு சாற்றுப்பாட்டு

மலைமேல் இருக்கும் எங்கள் காணிக்குடியில் நோய்க்குப் பாடுகிறவர் என் அப்பா. சுகமில்லாதவரை எதிரே உட்காரவைத்து, கொக்கரை என்கிற இரும்புக் குழலைக் கம்பியால் உரசியபடி சாற்றுப்பாட்டு பாடுவார். நோயாளி இல்லாமல் பாடமாட்டார்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், குலசேகரத்தில் பஸ் இறங்கி ஜீப் பிடித்து, ஆராய்ச்சிக்கென்று ஒரு பெண் வந்தாள். முன்பு வந்தவர்களைப்போல நேரே வீடுகளுக்குள் நுழையவில்லை. எங்கள் தலைவரான மூட்டுக்காணியிடம் சொல்லிவிட்டு, ஊர் கூடிச் சம்மதிக்கும்வரை காத்திருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்று ரப்பர் பால் வெட்டப் போனவள் நான். எங்கள் பேச்சு அவளுக்கு விளங்காத இடத்தில் எடுத்துச் சொல்ல என்னை வைத்தார்கள். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னேன்.

"முன்ன வந்தவன் எங்க அப்பனுக்க மூக்க அளந்துட்டுப் போனான். இவ பாட்டுதான கேக்கா, கேக்கட்டு," என்றார் அப்பா.

ஆனால் அந்த வாரம் ஊரில் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. பாட்டு கிடைக்காவிட்டால் ஆய்வில் ஓர் அத்தியாயமே போய்விடும் என்று அவள் தவித்தாள்.

"சும்மா ஒரு தடவை பாடிக் காட்டுங்க ஐயா."

"சும்மா கூப்பிட்டா தெய்வம் வந்து ஆரப் பாக்கும்?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ வந்து இரி. உனக்குத்தான் பொறந்ததுலேருந்து பயம்."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா."

"அணச்ச அடுப்பத் திரும்பத் திரும்ப வந்து பாக்கது பின்ன ஆரு, எனக்க அம்மையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் அந்தியில் போய் உட்கார்ந்தேன். அவள் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

பாட்டில் அப்பா என் பெயரைச் சொன்னார். என் பயங்களை மலைத் தெய்வங்களிடம் ஒவ்வொன்றாக வைத்தார். யானை, வேலை, ஆஸ்டலில் இருக்கும் மகன். பிறகு, பிறந்தும் அழாத என் முதல் குழந்தை. பால் வாளி சுமந்ததால்தான் அப்படி ஆனதோ என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

காலையில் அவள், பதிவை எடுத்துப்போக அப்பாவிடம் அனுமதி கேட்டாள்.

"நான் குடுத்தாச்சே. ஆருக்குப் பாடினனோ அது அவளுக்கது. அவகிட்ட கேளு."

வேண்டாம் என்றால் அவள் படிப்பு கெடும். சரி என்றால் என் குழந்தையை முகம் தெரியாதவர்களெல்லாம் கேட்பார்கள். முதலில் கேட்டுப்பார்க்கிறேன் என்று ஹெட்போனை வாங்கினேன். அந்த இடம் வந்ததும் கழற்றிவிட்டேன்.

"இது வேண்டாம் தங்கச்சி."

"அந்த இடத்த மட்டும் வெட்டிடட்டா அக்கா?"

"வேண்டாம். முழுசும் எனக்குப் பாடினது."

அவள் ரெக்கார்டரை என் கையில் கொடுத்து, அழிக்கும் பொத்தானைக் காட்டினாள்.

"மத்தவங்க பேசினதும் போயிருமா?"

"போகாதுக்கா."

அழுத்தினேன்.

"நீங்க வேண்டாம்னு சொன்னத எழுதலாமா?"

"பேரு போடாம எழுது."

அடுத்த மழைக்காலத்தில் அந்த அத்தியாயத்தோடு திரும்பி வந்து, ஊர் நடுவே நின்று வாசித்தாள். கொக்கரை இருந்தது, பாட்டு யாருக்குச் சொந்தம் என்பது இருந்தது, பாட்டின் ஒரு சொல்கூட இல்லை. முடியும்வரை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். மாற்ற ஏதாவது உண்டா என்று மூட்டுக்காணி கேட்டதும் எழுந்தேன்.

"நோயாளின்னு எழுதியிருக்கியே, அத வெட்டு. பயப்படுகவள்னு போடு."

அவள் பேனாவை எடுத்தாள்.