கூப்பனுக்குக் கடைசி நாள்

கணினிக்கு வாக்கியம் புரியாது, தேதிதான் புரியும் என்று எனக்குப் பாடம் எடுத்தவருக்கு அப்போது வயது முப்பதுகூட இருக்காது. ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணினிப் பிரிவு அதிகாரி அவர். நான் அதே வளாகத்தில் இருந்த தொழிலாளர் பண்டகசாலைக்கு மேற்பார்வையாளர். எனக்கு ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. அதன்பிறகு இரண்டு ஆண்டு நீட்டிப்புத் தருவதாக நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. வாய்மொழிக்கு என்ன மதிப்பு என்று கூட்டுறவுப் பட்டயப் படிப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இருந்தும் நம்பினேன்.

ரம்ஜானுக்கு எங்கள் தொழிற்சாலையில் எல்லாருக்கும் பரிசு உண்டு. யார் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று பார்ப்பதில்லை. ஐந்து கிலோ சீரக சம்பா, ஒரு லிட்டர் எண்ணெய், சேமியா, ஒரு பொட்டலம் முந்திரி திராட்சை. இதற்காக வருடாவருடம் மஞ்சள் நிறத்தில் ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுப்போம். சீட்டின் அடியில் ஒரு வரி இருக்கும்: 'பண்டிகைக்கு முந்தின நாள் வரை செல்லும்.' அந்த முந்தின நாள் எது என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பிறை தெரிந்தால் மறுநாள் பண்டிகை. தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள். ஆம்பூரில் பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் இது தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பில் போடும் கணினிகள் வந்தன. சில ஆண்டுகளில் மஞ்சள் சீட்டும் போய் மின்னணுக் கூப்பன் வந்தது. தொழிலாளியின் அடையாள அட்டையைச் சிவப்பு விளக்கில் காட்டினால் திரையில் அவருக்குரிய கூப்பன் வந்து நிற்கும். குறை சொல்லமாட்டேன், நல்ல ஏற்பாடுதான். சீட்டுத் தொலைந்தது, மழையில் நனைந்தது என்ற புலம்பல் ஒழிந்தது. அதை ஏற்பாடு செய்ய மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். கூப்பன் எண், பொருள்கள், அளவு, ஓர் அட்டைக்கு எத்தனை தடவை, தொடக்க நாள், முடிவு நாள். முடிவு நாளில், காலண்டரில் போட்டிருந்த பண்டிகைக்கு இரண்டு நாள் கழித்து ஒரு தேதியைப் போட்டேன்.

அதிகாரி அந்தக் கட்டத்தில் விரல் வைத்தார். "ரெண்டு நாள் எதுக்கு சார் ஜாஸ்தி?"

விளக்கினேன். ஐப்பசி மாதம், மேகம் இருக்கும், பிறை தள்ளிப்போகலாம் என்றேன். பெண்கள் கடைசி நாளில்தான் வருவார்கள் என்றும் சொன்னேன். அதற்கும் காரணம் இருந்தது. கம்பெனிப் பேருந்தில் மற்ற நாளில் பை ஏற்றவிடமாட்டார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் மட்டும்தான் அனுமதி. ஆறு கிலோ சாமானைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கு எவள் நடப்பாள்?

"டேட் ஃபீல்டுல பிறைய எல்லாம் போட முடியாது சார்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து முந்தின நாள் தேதியை அடித்தார். நான் விடவில்லை. என் ஆட்சேபத்தை ஒரு குறிப்பாக எழுதி அவரிடம் நீட்டினேன். 'பார்த்தேன்' என்று எழுதிக் கையொப்பம் போட்டுக் கொடுத்தார். அதைக் கோப்பில் சேர்த்தேன். கோப்பில் ஏறிவிட்டால் தன் கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்குகிற ரகம் நான்.

அந்த வருடம் பிறை தெரியவில்லை.

காலண்டரின் பண்டிகை நாள், ஊருக்கு முப்பதாவது நோன்பாகிவிட்டது. தொழிற்சாலை அரை நாள் ஓடியது. முந்தின நாளே வாங்கிப் போனவர்கள் போக, பிறைக்குக் காத்திருந்த பெண்கள் இரண்டு மணிக்குப் பைகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். முதல் அட்டையைக் காட்டியதும் திரையில் 'காலாவதி' என்று வந்தது. இரண்டாவதுக்கும் அதுவே. வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை போனது. நாலு மணிக்குப் பேருந்து.

தையல் பிரிவில் வேலை செய்யும் வயதான அம்மா ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆண்டவனே இன்னும் பிறைய காட்டல. உங்க மிஷின் எப்டி சார் பண்டிகைய முடிச்சிடுச்சு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூப்பன் தேதியை நீட்டிக்க ஒரு விண்ணப்பம் உண்டு. மூன்று கையொப்பம் வேண்டும். அதுவும் மறுநாள்தான் நடைமுறைக்கு வரும். அந்த விண்ணப்பத்தைத் தயாரித்த மேதை நானேதான். அதிகாரியின் கைபேசி அணைந்திருந்தது. காலண்டரில் பண்டிகை என்பதால் மனிதர் விடுப்பில் இருந்தார்.

அப்போது பில் போடும் பெண் என் அறைக்கு வந்தாள். பேரணாம்பட்டுக்காரி, தபால் வழியில் பி.காம். முடித்தவள். இரண்டு வருடத் தற்காலிக வேலைக்குப் பிறகு அந்த மாதம்தான் அவள் நிரந்தரமாக வேண்டியிருந்தது.

"சார், மெயின் மிஷின்ல தேதிய ஒருநாள் பின்னாடி வெச்சா கூப்பன எடுத்துக்கும். வெக்கட்டுமா?"

செய் என்றோ செய்யாதே என்றோ நான் சொல்லியிருக்க வேண்டும். "நான் டீ குடிச்சிட்டு வர்றேம்மா" என்றேன். முதன்மைக் கணினி என் மேசையில் இருந்தது. கடவுச்சொல் எழுதிய தாள் விசைப்பலகைக்கு அடியில் இருந்தது. அது அவளுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். நடந்தது தெரியாமல் இருப்பதற்கும் அலுவலகங்களில் ஒரு நடைமுறை உண்டு, அதையும் கற்றுத்தான் வைத்திருந்தேன்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது வேப்பமரத்தடி காலி. ஒருத்திகூட வெறுங்கையோடு பேருந்து ஏறவில்லை.

ஏற்கெனவே கணக்கு முடித்துப் பூட்டிய ஒரு நாளில் புதிதாக இருநூறு பில் முளைத்தால் மேலிடத்தில் தெரியாமல் இருக்குமா? பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் விசாரணை. தேதியைத் திருத்தி மோசடி செய்ததாக அவள்மீது குற்றச்சாட்டு. பரிசு போகவேண்டியவர்களுக்குத்தான் போனது, ஒரு மணி அரிசி வெளியே போகவில்லை என்பதைப் பற்றி அங்கே ஒருவருக்கும் கவலையில்லை. நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். டீ குடிக்கப் போயிருந்தேன் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. 'காலாவதி' என்று காட்டிய திரையைப் பார்த்த மாதிரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை வேலூரில் இருந்த என் வீட்டுக்குப் பேருந்தில் போகும்போது எனக்கு அதிகாரிமேல் வந்த கோபம் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் என்மேல் திரும்பிவிட்டது. இன்னும் முழுதாகத் தணியவில்லை.

இரண்டாவது விசாரணைக்கு விதிப் புத்தகத்தோடு போனேன். கடவுச்சொல் மேற்பார்வையாளரின் பொறுப்பு. அதைக்கொண்டு செய்யப்படும் எந்த மாற்றமும் அவர் செய்ததாகவே கொள்ளப்படும். நான் எழுதிய விதிதான். உரக்கப் படித்தேன். அவள் அனுமதி கேட்டாள், நான் மறுக்கவில்லை, ஆகவே குற்றச்சாட்டு என் பெயருக்கு வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கூடவே அந்தப் பழைய குறிப்பையும் மேசையில் வைத்தேன்.

அதிகாரி அதை எடுத்துப் பார்த்தார். "பார்த்தேன்னுதானே போட்டேன். சரின்னு போடலையே."

இதைவிடச் சுத்தமான அலுவலகப் பதிலை என் முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் நான் கேட்டதில்லை. அறைந்துவிடுவேனோ என்று பயந்து இரண்டு கையையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை நிரந்தரமானது. அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு. எனக்கு நீட்டிப்பு இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு சால்வையும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரத்தில் தேதியும் காட்டும்.

மறுவருட ரம்ஜானுக்கு முன்னால் ஒரு பிற்பகல், வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவள்தான்.

"சார், இந்த வருஷமும் பிறை தெரியல. கூப்பன் நேத்தோட முடிஞ்சிடுச்சு. காலண்டரப் பாத்துதான் போட்ருக்காங்க. மிஷின் தேதியையும் மாத்த முடியாம பூட்டிட்டாங்க."

கேட்டதும் எனக்கு உச்சந்தலை சுட்டது. ஒரு தேதியைத் திருத்த ஒரு வருடம் இருந்தது அந்த அதிகாரிக்கு. மிஷின் தேதியை மாற்ற முடியாதபடி பூட்டுப் போட மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது.

"இப்ப இன்னா பண்றாங்க எல்லாரும்?"

"வாங்கினு இருக்காங்க சார். வெள்ளைத்தாள்ல பேர் எழுதி, அட்டை நம்பர் எழுதி, கையெழுத்து வாங்கினு குடுக்கறேன்."

"யார் அனுமதின்னு போட்டிருக்கே?"

"என் பேருதான். அடியில நானே கையெழுத்துப் போட்டேன்."

நிரந்தர ஊழியரை நீக்க எத்தனை படிகள் ஏறவேண்டும், எந்தப் படியில் எப்படி மறிக்கலாம் என்று என் தலைக்குள் வரிசையாக ஓடியது. "விசாரணை வெச்சா சொல்லும்மா, நான் வர்றேன்" என்றேன்.

பின்னால் பெண்களின் சத்தமும் அரிசி அளக்கும் சத்தமும் கேட்டது.

"வாங்க சார்" என்றாள். "டீ மட்டும் முன்னாடியே குடிச்சிட்டு வந்துடுங்க."