மேலே ஏறக் கூடாத பாட்டில்கள்

"அண்ணா, சனிக்கிழமைக்குள்ள ஃபுல் லோடு வரோணும். இல்லைன்னா மிஷினைத் தூக்கீட்டுப் போயிருவாங்க."

போனில் பேசியவர் குமரேசன், சேலத்தில் ஒரு ரீசைக்கிளிங் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள். என்னை அவர் அண்ணா என்று அழைத்தது அன்றுதான் முதல் முறை. அதற்கு முன்பெல்லாம் நான் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பார்.

நான் அப்போது ஏற்காட்டில் பிளாஸ்டிக் ஷெட்டின் சூப்பர்வைசர். பஜாரிலும் ஏரிக்கரையிலும் லாட்ஜுகளிலும் சேரும் தண்ணீர் பாட்டில்களை மூடி கழற்றி, லேபிள் கிழித்து, மிஷினில் அமுக்கிக் கட்டாக்கிச் சேலத்துக்கு அனுப்புவோம். அந்தக் கட்டுக்குப் பேல் என்று பெயர். மிஷின் கம்பெனியுடையது. வேலை செய்தவர்கள் ஆறு பெண்கள். காப்பிப் பழம் பறிக்கிற வேலை சில மாதம்தான். ஷெட் வருஷம் முழுக்க. மிஷின் போனால் ஆறு பேரும் பழையபடி சீசனை எதிர்பார்த்து உட்கார வேண்டியதுதான்.

கூரையைத் தொட்ட பேல்

ஆனால் அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நிலைமை நேர்மாறு. கச்சா எண்ணெய் விலை இறங்கியது. எண்ணெயிலிருந்து செய்கிற புதுப் பிளாஸ்டிக் குருணை, வர்ஜின் என்பார்கள், சல்லிசாகக் கிடைத்தது.

"புதுசே தெருவுல கெடக்குதுங்க. பழசை யாருங்க சீந்தறாங்க?" என்றார் இதே குமரேசன்.

எங்கள் பேல்கள் கூரையைத் தொட்டன. மிச்சத்தை வெளியே அடுக்கித் தார்ப்பாய் போட்டோம். குரங்குகள் அதன்மேல் குடும்பத்தோடு உட்கார்ந்து என்னைப் பார்த்தன. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, மலையில் பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்த யோசனை கேட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். ஷெட்டுக்கு வருமுன் நான் இருபத்தெட்டு வருஷம் எஸ்டேட் ரைட்டர், அதாவது எழுத்துவேலை குமாஸ்தா. துரை அரைகுறையாகச் சொல்வதை அட்சரம் பிசகாமல் கடிதமாக்கியவன். சும்மா இருப்பேனா? பாட்டிலை அடிவாரத்திலேயே பறிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினேன். கடைசியில் இப்படி முடித்தேன்: "புதியதோ பழையதோ, நிறைந்ததோ காலியோ, முழுதோ நசுங்கியதோ, எவ்வகைப் பிளாஸ்டிக் பாட்டிலும் எந்த வாகனத்திலும் எந்தப் பாதையிலும் எக்காரணம் கொண்டும் மலைமேல் செல்ல அனுமதி இல்லை."

"ஓட்டையே இல்லைங்க," என்றார் கூட்டத்துக்கு வந்த அதிகாரி. அந்தப் பாராட்டை ஷெட்டில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று ரோசியைக் கேட்டால் தெரியும். ரோசி எங்கள் ஆறு பேரில் மூத்தவள். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள்.

உத்தரவு வந்தது. லாட்ஜ்காரர்கள் ஃபில்டர் வைத்தார்கள். டூரிஸ்டுகள் எவர்சில்வர் பாட்டிலோடு வந்தார்கள். தேங்கிய பேல்களும் மெல்ல மெல்லக் கழிந்தன. மலை சுத்தமானது. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அரசாங்கம் பாட்டில் கம்பெனிகளைப் பிடித்தது: புதுப் பாட்டிலில் பழைய பிளாஸ்டிக்கும் ஒரு பங்கு கலந்தே ஆக வேண்டும். சீந்துவாரற்ற பாட்டிலுக்கு ஆள் மேல் ஆள் அலைந்தார்கள். எங்கள் ஷெட்டிலோ பெண்கள் பத்து மணிக்குள் வேலையை முடித்துவிட்டு ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்த்தார்கள். அப்போதுதான் குமரேசனின் அந்தப் போன் வந்தது.

தடுப்புக் கம்பம்

பறித்த பாட்டில்களெல்லாம் அடிவாரத்தில் ஒரு காம்பவுண்டில் குவிந்து கிடந்தன. அலைந்து திரிந்து, அவற்றை எடுத்துக்கொள்ள ஒரு கடிதம் வாங்கினேன். ரோசியையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஜீப்பில் மூட்டை மூட்டையாக ஏற்றினோம். புறப்பட்டு நூறடி வந்திருக்க மாட்டோம், தடுப்புக் கம்பம் இறங்கியது. செக்போஸ்ட்டில் இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண்.

"ஏனுங்க ஐயா, வண்டில என்னங்க?"

"காலி பாட்டிலுங்க அம்மணி. ஷெட்டுக்குப் போவுது."

"பாட்டில் மேல போவக் கூடாதுங்களே."

"இது நீங்க பறிச்சு வெச்சதுதானுங்க. உங்க காம்பவுண்டுல இருந்துதான் ஏத்தீட்டு வாறோம்."

"பறிச்சதை நாங்களே மேல உட்டா, அப்பறம் எதுக்குங்க பறிச்சோம்?"

கடிதத்தை நீட்டினேன். எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. மேலே கொண்டுபோகலாம் என்று இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "காலி பாட்டிலைக்கூடத் தடுக்கோணும்னு எந்த அறிவாளிங்க எழுதுனது?" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பெண் உள்ளே போய் உத்தரவை எடுத்து வந்து, நிறுத்தி நிதானமாக வாசித்தாள். புதியதோ பழையதோ, நிறைந்ததோ காலியோ. என் வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை. "நொம்பத் தெளிவா எழுதீருக்காங்க ஐயா. ஓட்டையே இல்லைங்க."

ரோசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"குப்பனூர் வழியாப் போயிருலாமுங்களா?" என்றார் டிரைவர். மலைக்கு அது இன்னொரு பாதை. ஆனால் எந்தப் பாதையிலும் என்றும் எழுதியிருந்தேனே!

மிளகு மிதிப்பதுபோல

மூட்டைகளை அதே காம்பவுண்டில் இறக்கினோம். அன்று வியாழக்கிழமை. மிஷினைக் கீழே கொண்டுவரவும் வழியில்லை. மலைக் குப்பைக்கென்று கொடுத்தது, மலைமேல்தான் இருக்க வேண்டும் என்பது கம்பெனி அக்ரிமென்ட். மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ரோசி கேட்டாள்: "பாட்டில் மேல வரக் கூடாது, செரி. நாங்க கீழ வரக் கூடாதுன்னும் எழுதீட்டீங்களா?"

"இல்லை."

"அதையாச்சும் மறந்தீங்களே, சாமி கும்புடோணும். மொளகுக்கு மிஷினா வெச்சிருந்தோம்? கால்லதான மிதிச்சோம்?"

எங்கள் மலையில் மிளகுச் சரத்தைக் காலால் மிதித்துத்தான் மணி பிரிப்பார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் ஆறு பேரும் இறங்கி வந்தார்கள். தார்ப்பாய் விரித்து, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, இரண்டு நாள் மிதித்தார்கள். நசுங்கியதைச் சாக்கில் திணித்து, சாக்குக்குள்ளும் இறங்கி நின்று அமுக்கினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் லாரி நிறைந்தது.

குமரேசன் வந்து லோடுக்கான படிவத்தில் எழுதினார்: சேகரித்த இடம், ஏற்காடு மலை.

"இது மலையே ஏறலைங்களே," என்றேன்.

"ஏறோணும்னு வந்த பாட்டில்தானுங்கண்ணா," என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஓட்டையைப் பார்த்து மனம் குளிர்ந்து கையெழுத்துப் போட்டேன்.

மிஷின் தப்பியது. இன்றும் ஷெட்டில் உறை போட்டு நிற்கிறது; கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது வந்து அதனோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பெண்கள் தினமும் மலை இறங்கி, மிதித்து, மலை ஏறுகிறார்கள். ரோசிக்கு முட்டி வலி. அது என்னால் வந்தது. உத்தரவைத் திருத்தக் கேட்டு நான் போட்ட மனு பரிசீலனையில் இருக்கிறதாம். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். விதி எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதிகாரியிடம் காட்டுவதற்கு முன்னால், அதைச் சுமக்கப் போகிறவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

வேலையில் என் கடைசி வாரத்தில் நடந்தது இது. பஸ்ஸில் மலையேறும்போது ரோசியின் தண்ணீர் பாட்டிலைச் செக்போஸ்ட்டில் பறித்துவிட்டார்கள். கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டி, மாதக் கணக்காக வைத்திருந்த பாட்டில். மறுநாள் காலை அது குவியலில் கிடந்தது. எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ரைட்டரய்யா, இது நெறஞ்சதுங்களா, காலிங்களா? பாத்துச் சொல்லுங்க."

பாதித் தண்ணீர் இருந்தது. பாதி என்று நான் எழுதியிருக்கவில்லை. அவளே குடித்து முடித்து, மூடியைக் கழற்றி, கீழே வைத்து மிதித்தாள்.