அம்சவேணி எழுந்திருக்கவில்லை

வாசற்படியில் ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு, "வூட்ல இப்போ எத்தினி பேரு?" என்று கேட்கிறார் அம்சவேணி. உள்ளே கூப்பிட்டாலும் வரமாட்டார். "வந்தா உக்காருவேன், உக்காந்தா காபி குடிப்பேன், அப்புறம் இந்த லைன் வூடுங்களை எப்போ முடிக்கிறது?" பழைய தங்கச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில் அவர் அங்கன்வாடி டீச்சர். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பதும் பன்னிரண்டு வருடமாக அவர் வேலைதான்.

பேனா கொண்டையில் செருகியிருக்கும். சிவப்புப் பேனாவுக்கு மட்டும் பைக்குள் தனி இடம். இறந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் பெயரை அடிக்கும்போது ஸ்கேல் வைத்துத்தான் கோடு போடுவார். "மனுசாளு பேரு. கோணலா அடிக்கக் கூடாது." சுரங்கம் மூடிய ஊரில் அந்தக் கோடுகளுக்குக் குறைவில்லை. கணவர் மனோகர் பெயரையும், பெங்களூருக்குக் கட்டிக்கொடுத்த மகள் ரூபாவின் பெயரையும் அப்படித்தான் நேராக அடித்தார். அவர் வீட்டு எண்ணுக்கு எதிரே இப்போது ஒரே பெயர்.

பதினெட்டு முடிந்த பெண் எந்த வீட்டில் இருந்தாலும் விடமாட்டார். "கட்டிக்கிட்டுப் போற வூட்ல சேத்துக்கட்டும்" என்று தகப்பன் சொன்னால், "அதுவரிக்கும் இன்னா, அவ இந்த ஊர்ல இல்லியா?" என்று படிவத்தை நீட்டுவார். அதனால்தான், மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் பெண்களின் ஓட்டுரிமைக்கும் சமத்துவத்துக்கும் பெண்கள் சங்கம் விழா எடுத்தபோது, மேடையில் முதல் நாற்காலி அவருக்கு. சங்கத் தலைவி ஷோபா சால்வை போர்த்தினாள். வருவதாகச் சொன்ன ரூபா காலையில் போன் செய்து, "புள்ளைக்கு ஜுரம்மா, போட்டோ அனுப்பு" என்றிருந்தாள்.

சிறப்பு விருந்தினர் மமதா, பங்காருபேட்டையில் வக்கீல். கன்னடம் கலந்த தமிழில் நன்றாகப் பேசினார். நடுவில் நிறுத்தி, "யாரு பேச்சும் கேக்காம, சொந்த புத்தில ஓட்டு போட்டவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். நாற்காலிகள் கரகரத்தன. கூடம் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலுமாக எழுந்தது. அம்சவேணி உட்கார்ந்தே இருந்தார்.

"அக்கா, எழுந்திருங்க. போட்டோ எடுக்குறாங்க" என்றாள் ஷோபா.

"நான் எழுந்துக்க மாட்டேன் ஷோபா."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. இனி மழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரரு கெட்டவரு இல்ல. ஓட்டு அன்னிக்குக் காலைல, கொழம்பு இன்னா வைக்கிறதுன்னு சொல்ற மாதிரி, இந்தச் சின்னம்னு சொல்வாரு. போட்டுட்டு வருவேன். அவரு போயி ஆறு வருசம் ஆச்சு. அப்புறம் ரெண்டு எலெக்சன் வந்துச்சு. ரெண்டுலயும் அதே சின்னந்தான். அது எனக்குப் புடிக்குதா இல்லியான்னுகூட எனக்குத் தெரியாது. மாத்திப் போட்டா, வூட்ல அவரு பேச்சே இல்லாம பூடுமேன்னு..."

மைக்கைத் தள்ளி வைத்தார். கடைசி வரிசையில் எழுந்து நின்றிருந்த தாயம்மா என்பவள் மெல்ல உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. மற்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். "இன்னிக்குப் போயி இதெல்லாம் பேசணுமாக்கா?" என்று ஷோபா காதோரம் கடிந்துகொண்டாள். மமதா குறிப்புத்தாளைப் பார்த்தார்.

கடைசி நிகழ்ச்சி, ஒரு சின்ன ஓட்டெடுப்பு. நகராட்சியிடம் முதலில் எதைக் கேட்பது: ஸ்டேஷன் ரோட்டுக்கு விளக்கா, மார்க்கெட்டில் பெண்களுக்குக் கழிப்பறையா? சீட்டில் இரண்டு படங்கள். மூலையில் சேலையைத் திரையாகக் கட்டி, பின்னால் ஒரு மேஜையும் பென்சிலும் வைத்திருந்தார்கள். வரிசையில் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். "நீ எதுக்குடி?" "லைட்டுக்குதான். ட்ரெயின் எறங்கி வர்றதுக்குள்ள உசுரு போவுது." அம்சவேணியை யாரும் கேட்கவில்லை. அவருக்கு முன்னும் பின்னும் ஓரடி இடம் விட்டே நின்றார்கள்.

திரைக்குப் பின்னால் போனவர் வெகுநேரம் வரவில்லை.

"ஆச்சாக்கா?" என்று வெளியே யாரோ கூப்பிட்டார்கள்.

"இரு, ரோசனை பண்றேன்."

அவர் முகம் தானாக இடப்பக்கம் திரும்பியது. கூட வரும்போது மனோகர் எப்போதும் நிற்கும் பக்கம். அங்கே சேலைத் திரை மட்டும் காற்றில் அசைந்தது. அம்சவேணி சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாமல் எழுதுகிற பெண்ணைப்போல், இடது உள்ளங்கையை அந்தப் பக்கமாக வளைத்து மறைத்துக்கொண்டு, பென்சிலை அழுத்திக் குறி போட்டார்.