ஜிகினா கவுனும் ஒரு ஸ்டூலும்

ரம்ஜானுக்குத் துணி எடுக்க எங்கள் தெருப் பெண்கள் தனித்தனியாகப் போகவே மாட்டார்கள். ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு, பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டிலிருந்த மூன்று மாடிக் கடைக்குக் கூட்டமாகப் போவார்கள். ஒருத்தி உட்கார்ந்தால் எல்லாரும் உட்கார்வார்கள். ஒருத்தி பேரம் பேசினால் எல்லாரும் பேசுவார்கள். எட்டு வயதான எனக்கோ, பிறை தெரிவதைவிட அங்கே பொம்மைக்கு மாட்டியிருந்த ஜிகினா கவுன்தான் முக்கியம்.

கவுன் என் கைக்கு வந்தேவிட்டது. எடுத்துக் கொடுத்த கடைக்கார அக்கா காலை மாற்றி மாற்றி நின்று பார்த்து, கடைசியில் லேசாக அலமாரியில் சாய்ந்தாள்.

"யம்மா, சாயாத! நேரா நில்லு!" என்று அதட்டினார் சூப்பர்வைசர்.

ஆவடியில் வேறொரு கடையில் இப்படித்தான் நாளெல்லாம் நிற்பாள் என் சின்னம்மா. வீட்டுக்கு வந்ததும் வீங்கிய கால்களை உப்புத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொள்வாள். அம்மாவுக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எழுந்து, தன் ஸ்டூலை அந்த அக்கா பக்கம் தள்ளினாள்.

"நீ குந்தும்மா. நாங்க நின்னுகினு பாக்குறோம்."

"அதெல்லாம் கூடாதும்மா, கடை ரூல்ஸு," என்றார் சூப்பர்வைசர்.

"இன்னா ரூல்ஸு? துணி வாங்குற எங்களுக்கு மட்டும்தான் காலு கீதா?" என்றாள் அம்மா.

"அவங்களுக்கும் ஸ்டூல் போடு நைனா, அப்பால வர்றோம்," என்று பக்கத்து வீட்டு மாமியும் எழுந்தாள். அவ்வளவுதான், தெருவே எழுந்துவிட்டது. எடுத்து வைத்த துணியெல்லாம் மேஜையிலேயே குவிந்து கிடந்தது. நான் மட்டும் கவுனை விடவில்லை.

"கவுனு இன்னாடி, ஓடியா பூடும்?" என்று என் விரல்களைப் பிரித்தாள் அம்மா.

அந்த ரம்ஜானுக்குத் தெருமுனைக் கடையின் பச்சை கவுன்தான். அக்குளில் குத்தும். அந்தக் கடைக்காரப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எடுத்துக் கொடுத்ததில் அம்மாவுக்கு அப்படியென்ன சந்தோஷமோ! பிரியாணியைக்கூட முறைத்துக்கொண்டே தின்றேன்.

விஷயம் சென்னீர்குப்பம் வரை பரவி, அங்கிருந்தும் அந்தக் கடைக்கு ஆள் போகவில்லையாம். அடுத்த ரம்ஜானுக்கு முன்னால் சின்னம்மா ஏதோ சேதி கொண்டுவந்தாள். அம்மா தெருவையே கிளப்பிக்கொண்டு மறுபடி அங்கே போனாள்.

அதே மாடி, அதே அக்கா. ஆனால் கவுன்டருக்குப் பின்னால் வரிசையாகப் புது சிவப்பு ஸ்டூல்கள். போன வருஷம் கவுனை இழந்த எனக்குச் சமாதானமாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஓடிப்போய் ஒன்றில் ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்குடி, அது அவங்க எடம்!"

"இருக்கட்டும்கா," என்று சிரித்த அந்த அக்கா, என்னைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டாள். அம்மா அவளையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

ஜிகினா கவுன் விலை ஏறிவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.