மைக் அறுந்த பிறகும் கேட்ட செபமாலை

நம்புகிறவர்கள் நம்புங்கள். கோலா சிலாங்கூர் பக்கத்து ஜெராமில், ஜெனவீவ் வீட்டு முன் கூடத்தில் நடந்தது இது. அவளுடைய தம்பி ரெய்மண்டும் பக்கத்தில் இருந்தான்.

முதலில் அது பேய் விஷயமாகவே தெரியவில்லை. ஒரு சின்னக் கோளாறு, அவ்வளவுதான்.

"அக்கா, இந்தக் கணினில மைக்கே இல்லன்னு காட்டுது."

"அப்புறம் எப்படிடா என் செபத்துக்கு அலீசியா மூணு நாளா பதில் சொல்றா?"

அந்த வீட்டில் தினமும் மாலையில் செபமாலை உண்டு. ஒவ்வொரு மன்றாட்டுக்கும் இரண்டு பாதி. ஒருவர் முதல் பாதியைத் தொடங்குவார். மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து தொடங்கியவர் ஜெனவீவின் கணவர் அம்புரோஸ். மகள் அலீசியா ஜொகூருக்குத் தாதி வேலைக்குப் போன பிறகும் விட்டுப்போகவில்லை. மடிக்கணினியில் முகம் பார்த்துச் செபித்தார்கள். தவக்காலத்தில் அம்புரோஸ் மாரடைப்பில் போய்விட்டார். முதல் பாதி ஜெனவீவிடம் வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் நடுவில் நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

பழைய விண்டோஸுக்கு இனி புதுப்பிப்பு வராது என்றார்கள். மூன்று நாளைக்கு முன் ரெய்மண்ட் கணினியைத் திறந்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, புது டிஸ்க்கில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். எந்த இயங்குதளமும் எழுந்தவுடன் தன் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கும். கேமரா பதில் சொன்னது. ஸ்பீக்கர் பதில் சொன்னது. மைக் மட்டும் சொல்லவில்லை.

"பேசுனா இந்தக் கோடு ஆடணும்க்கா."

ஜெனவீவ் பேசினாள். கத்தினாள். ஆடவில்லை.

"படம் தெரியுதுல்ல? உன் வாயப் பாத்து சொல்றா லா."

சரியான விளக்கம்தான். அதைச் சோதிக்க, அன்று மாலை கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினான்.

ஜெனவீவ் முதல் பாதியைச் சொன்னாள். கோடு அசையவில்லை.

மகள் பதில் சொன்னாள். சரியான இடத்தில்...

அடுத்தது. மறுபடியும் பதில்...

மூன்றாவதற்கு ஜெனவீவ் வாயைத் திறக்கவில்லை.

கூடத்தில் சத்தமே இல்லை.

மகள் பதில் சொன்னாள்.

பிறகு அழுகை.

"மா... அப்பா ரெக்கார்டிங்க நிறுத்துங்க மா. முடியல."

ஜெனவீவ் அழைப்பின் எழுத்துப் பெட்டியில் தட்டினாள்: என் குரல் கேட்கவில்லையா?

"உங்க குரல் மூணு நாளா கேக்கவே இல்லியே. வேணும்னுதான் போடுறீங்கன்னு பேசாம இருந்தேன். அப்பா மட்டும்தான்..."

பதிவு எதுவும் போடவில்லை. அம்புரோஸின் குரல் இருந்த பழைய டிஸ்க், ரெய்மண்ட் வீட்டு அலமாரியில் கிடந்தது.

மறுநாள் கோலா சிலாங்கூரில், கணினி பழுதுபார்க்கும் ரவீந்திரன் பின்மூடியைக் கழற்றினார்.

"டிஸ்க் மாத்துனப்ப மைக் ஒயர அறுத்துட்டீங்கண்ணே. பாருங்க, ரெண்டு துண்டு. ஈ முனகினாக்கூட போகாது. ஒட்டிடவா?"

ரெய்மண்ட் இரண்டு துண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஜெனவீவின் கவலை வேறு.

"பக்கத்துலயேதான உக்காந்திருக்கேன்... எனக்கு மட்டும் ஏன்டா கேக்கல?"

ஒயரை ஒட்ட அவள் விடவில்லை. மாலையில் வெளி மைக் ஒன்றைச் செருகிப் பார்த்தார்கள். அலீசியாவுக்கு அம்மா குரல் மட்டும் கேட்டது. பிடுங்கினார்கள். அப்பா வந்தார்.

அப்போதுதான் ரெய்மண்டுக்கு விளங்கியது. அந்தக் குரல் கூடத்தில் எழவில்லை. அழைப்பின் வழியாக மட்டும் போகிறது. ஒரு கணினி தான் அனுப்பும் ஒலியைத் தனக்கே திருப்பிப் போடாது. எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் கேட்கும். அப்படியானால் அக்காவும் எதிர்முனைக்குப் போக வேண்டும்.

அவன் அக்காவுக்குச் சொன்ன வழி இதுதான்: ஒயரை ஒட்டக் கூடாது. மடிக்கணினியின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட வேண்டும். கைப்பேசியிலிருந்தும் அதே அழைப்பில் சேர்ந்து, இயர்போனைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பாதிக்கு வாயைத் திறக்கக் கூடாது. அவர் தொடங்குவார். ஜெனவீவ் இரண்டாம் பாதியைச் சொன்னால் போதும்.