கோயிலில் கூப்பிட்ட பேர்கள்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்து சேர்ந்தான். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் டிக்கெட் எடுத்து, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். கப்பல் நின்றுபோயிற்று. மனைவி முன்பே இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. கீழே ரப்பரிலும் மேலே கேமரன் மலைத் தேயிலையிலுமாக முப்பது வருஷம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் பார்த்தவன், பனியில் குந்திக்கொண்டு மரவள்ளிக்கிழங்கு உரிக்கும் நிலைக்கு வந்தேன். விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டில் பேர் கூப்பிட்ட பழக்கம் மட்டும் போகவில்லை. கூப்பிட ஆளில்லாததால் கோழியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் இல்லாமல் லோரிகள் நின்றுவிட, கீழேயிருந்து பூசை வைக்க வரும் சாமியாராலும் மலையேற முடியவில்லை. ஒரு முறை எப்படியோ வந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமை ஜனங்களைக் கூட்டி ஜெபமாலை சொல்லணும், நோயாளிகளைப் பார்க்கணும், கோயிலைப் பெருக்கணும். நீங்க சும்மாதானே இருக்கீங்க?" என்றார். அந்தச் 'சும்மா' எனக்குச் சுருக்கென்று தைத்தது. சும்மா இருக்கிறவன் இல்லை என்று காட்டவே ஒப்புக்கொண்டேன். பக்தியெல்லாம் பிறகுதான் வந்தது.

முதல் ஞாயிறன்று, தகரக் கூரைக் கோயிலுக்குள் பிந்தி வந்த ஓர் இளம்பெண்ணைப் பழைய வழக்கப்படி முறைத்தேன். "கிராணி ஐயா, இது பெரட்டு இல்லலா, கோயில்," என்றாள் அவள். கோயிலே சிரித்தது. கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அதற்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சயாமில் ரயில் பாதை போட அவள் புருஷனை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போயிருந்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் பாதி வீடுகளில் அதே கதைதான்.

அதனால் ஜெபமாலை முடிந்ததும், சயாமுக்குப் போனவர்கள் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று ஒவ்வொருவர் பேராகப் படித்து வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே குரல் பெரட்டுக் குரல். அதில்தான் படித்தேன். "கட்டையன்!" என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து, "வருவாரு ஐயா!" என்று பதில் வந்தது. அவள்தான். அவள் புருஷனுடைய ஞானஸ்நானப் பேர் வாயில் நுழையாத நீளப் பேர்; பெரட்டில் அதற்கெல்லாம் ஏது நேரம் என்று, ஆள் குள்ளமாக இருந்ததால் கட்டையன் என்று வைத்தவன் நான்தான். அடுத்த வாரத்திலிருந்து எல்லா மனைவிமாரும் தாய்மாரும் பதில் கொடுத்தார்கள். "வருவாரு." "வருவான்." துணி கிடைக்காமல் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்த மெலிந்த உடம்புகளிலிருந்து அவ்வளவு சத்தம்! அதைக் கேட்கவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன். துரை என்னை மெச்சிய நாள்களில்கூட இந்தச் சந்தோஷம் கிடைத்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

மூன்றாம் வருஷம், இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, சயாமிலிருந்து தப்பி, அடிவாரத்துத் தாப்பா ரோட்டில் நடந்தே ஏறி வந்த ஒருவன், காலில் சீழ் வடிய என் வாசலில் உட்கார்ந்தான். கட்டையன் காலராவில் செத்ததையும், தானே குழியில் மண் தள்ளியதையும் சொன்னான். "அந்தப் பொண்ணுகிட்ட என்னால சொல்ல முடியாது ஐயா. நீங்கதான் சொல்லணும்," என்று அழுதான்.

தோட்டத்தில் ஆள் செத்தால் பெரட்டுப் புத்தகத்தில் பேரை வெட்டுவோம். எத்தனை பேரை யோசிக்காமல் ஒரே கோட்டில் வெட்டியிருக்கிறேன்! இந்த ஒரு பேரை வெட்ட எனக்குக் கை வரவில்லை. சொல்லாமல் விட்டாலோ, அவள் ஞாயிறுதோறும் "வருவாரு" என்றுகொண்டே இருப்பாள். செத்தவனுக்காக யாரும் வேண்டாமலும் போய்விடும். மறுநாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"தெரியும் ஐயா," என்றாள் அவள். "சயாம்ல இருந்து வந்த அண்ணன் நேத்து என்னைப் பாத்ததும் மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு." அடுப்பில் விறகைத் தள்ளினாள். "செத்தவங்களோட சேர்த்துப் படிங்க. ஆனா கட்டையன்னு படிக்காதீங்க. இவ்வளவு நாளும் சரி. செத்தவரையும் கட்டைன்னு சொல்லி அனுப்பாதீங்க ஐயா. ஞானஸ்நானப் பேரைச் சொல்லுங்க."

எனக்கு அந்தப் பேர் நினைவில் இல்லை. தினமும் முகம் பார்த்து வேலைக்கு அனுப்பியவனின் பேர் எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு அவளிடமே கேட்டேன். அவள் நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள். "என்னை மன்னிச்சிரு தாயி," என்றேன். லயத்து ஆள் ஒருவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கல்லறைத் திருநாளன்று இறந்தவர்களின் வரிசையில் அந்தப் பேரை முழுதாகப் படித்தேன். அவள் வாய்விட்டு அழுதாள். மற்றப் பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சயாமில் இருப்பவர்களின் பேர்களை எடுத்தேன். கட்டையன் இருந்த இடம் வந்ததும் நின்றுவிட்டேன். கடைசியில் அவள்தான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மேலே படிங்க ஐயா," என்றாள். "மத்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."