மூன்றாம் அறை: ஒன்று புள்ளி எட்டு

ஜேசுராஜ் இப்போது உத்தமபாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறார். கடைக்கு ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. நல்ல வேலைக்காரனை இந்த ஊர் இப்படித்தான் மூலையில் உட்காரவைக்கும். 2008இல் அவரும் நானும் ஓடைப்பட்டிக்கு வெளியே ஒரு திராட்சைக் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தோம். அவர் எலக்ட்ரீஷியன். நான் ஆபீஸில் போன் எடுப்பவள். பழம் அழுகிய நாற்றத்தை மறந்துவிட்டேன், மனுசர்கள் நடந்துகொண்டதை மறக்க முடியவில்லை.

ஜேசுராஜுக்குச் சொந்த ஊர் ராயப்பன்பட்டி. ஐ.டி.ஐ. படித்தவர், அதிகம் பேச மாட்டார். கிடங்கில் நாலு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டிருந்தார். காலையும் மாலையும் உள்ளே போய்ப் பார்த்து, கதவில் சாக்பீஸால் எண்ணை எழுதுவார். பழம் வைத்திருந்த விவசாயிகள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராக அந்தக் கதவைத்தான் பார்ப்பார்கள். எண் சரியாக இருந்தால் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார்கள்.

முதலாளிக்குச் சென்னையில் ஆபீஸ். அங்கே எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே திரையில் கண்காணித்தார்கள். எங்கள் குளிர் மெஷின்களும் அதே திரையில் தெரிய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மெஷின் பேசுகிற பாஷை வேறு, அந்தத் திரைக்குப் புரிகிற பாஷை வேறு. அதனால் நடுவில் கேட்வே என்று ஒரு பெட்டியை வைத்தார்கள். செங்கல் அளவுதான் இருக்கும். இரண்டு கம்பி வழியாக ஒவ்வொரு மெஷினின் கன்ட்ரோலரையும் வரிசையாக விசாரித்து எண்ணை வாங்கிக்கொள்ளும். சென்னை கேட்டால் அதற்குப் புரிகிற மாதிரி சொல்லும். கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினீயர் மாட்டிக்கொடுத்தார். ஜேசுராஜுக்கு அந்தப் பெட்டி ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு நாளும் இன்ஜினீயர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கெடுத்தது மேனேஜர் விஜயகுமார். அந்த வருஷம் கரண்ட் ஒரு நாளைக்குப் பல தடவை போகும். பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கன்ட்ரோலர்கள் ஊமையாகிவிடும். உடனே சென்னைத் திரையில் சிவப்பு விழும், உடனே எனக்குப் போன் வரும். மேனேஜர் நின்றுகொண்டே திட்டு வாங்குவார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, மெஷின் பதில் சொல்லாவிட்டால் அது கடைசியாகச் சொன்ன எண்ணையே காட்டும்படி பெட்டியை மாற்றிவைத்தார். சிவப்பு நின்றது. மனுசன் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜேசுராஜ் மட்டும் டீ குடிக்கவில்லை. மெஷின் செத்தே போனாலும் பெட்டி பழைய எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதவில் ஓர் எண், திரையில் ஓர் எண் என்றிருந்தால் சென்னையிலிருந்து வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று சாக்பீஸ் எழுத்தையும் நிறுத்தச் சொன்னார். ஈரத்துணி எடுத்து நாலு கதவையும் துடைத்தது நான்தான். சொன்னதைச் செய்தே பழகியவள் நான்.

எழுதாவிட்டாலும் ஜேசுராஜ் உள்ளே போய்ப் பார்ப்பதை விடவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு போட்டபோது என்னிடம் வந்தார்.

"அக்கா, காலையில ஒரு தடவ கதவத் தொறந்து பாத்துருங்க. தெரைய நம்பாதீக."

சரி என்றேன். ஒரு நாளும் பார்க்கவில்லை. ஆபீஸ் திரையில் மூன்றாம் அறை 1.8 டிகிரி என்று பச்சையாக இருந்தது, பிறகு எதற்கு நடப்பது? மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனபோது புளித்த வாடை அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆபீஸுக்கு வந்து திரையைப் பார்த்தேன். 1.8. உட்கார்ந்து மிச்ச வேலையைப் பார்த்தேன். சீ, என்ன ஜென்மம் நான்.

திரும்பி வந்த காலையில் ஜேசுராஜ் மூன்றாம் அறைக் கதவில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே திறந்தார். அவர் லீவில் போன அன்றே, கரண்ட் வந்த வேகத்தில் கன்ட்ரோலர் கருகி, மெஷின் நின்றிருக்கிறது. மூக்கம்மாள் என்ற விவசாயியின் அந்தப் பருவத்துத் திராட்சை முழுவதும் அந்த அறையில்தான் இருந்தது. சாறு வழிந்து எங்கள் காலடிக்கு வந்தது.

ஒற்றை ஆளாகத் திராட்சைப் பந்தல் வைத்துப் பிழைக்கிற அந்த அம்மாளை மேனேஜர் ஆள்விட்டுக் கூப்பிட்டார். அதற்குள் சென்னையிலிருந்து நாலு நாள் வரைபடம் ஃபேக்ஸில் வந்திருந்தது. அறை குளிராகவே இருந்தது, பழம்தான் மழையில் நனைந்து வந்தது என்று ஒரு கடிதமும் தயாராக இருந்தது. மூக்கம்மாள் கைநாட்டு வைக்க வேண்டும், ஜேசுராஜ் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அது நடந்துவிட்டால் நஷ்டத்துக்கு நியாயம் கேட்க அந்த அம்மாளுக்கு வாயில்லை. வெட்டிய அன்றைக்கு வெயில்தானே அடித்தது என்று மூக்கம்மாள் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்று மேனேஜர் அவர் விரலைப் பிடித்து மையில் அமுக்கினார்.

ஜேசுராஜ் வரைபடத்தை எடுத்து மூக்கம்மாள் முன்னால் விரித்தார்.

"ஆத்தா, மத்த மூணு கோடும் கரண்ட் போறப்பல்லாம் ஏறி எறங்குது. ஒங்க அறைக் கோடு மட்டும் நாலு நாளா அசையவே இல்ல. ஓடுற மெஷின் இப்பிடி இருக்காது. இது செத்த மெஷினு."

கையெழுத்துப் போடாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர். ஜேசுராஜ் சுவரோரம் போய், பெட்டியிலிருந்து சென்னைக்குப் போகிற ஒயரை உருவினார். மூக்கம்மாளிடம் ரெண்டு நிமிசம் பொறுக்கச் சொன்னார்.

ரெண்டு நிமிசம் ஆகவில்லை. போன் அடித்தது. பெட்டி பதில் சொல்லவில்லை, என்ன ஆயிற்று, உடனே பாருங்கள் என்று சென்னைக்காரர் பதறினார். மேனேஜர் ரிசீவருக்குக் கை நீட்டினார். அந்த வேலையில் முதல் தடவையாக, சொன்னதை நான் செய்யவில்லை. ரிசீவரை மூக்கம்மாளிடம் கொடுத்தேன்.

மை படாத கையால் வாங்கிக் காதில் வைத்தார்.

"ஐயா, நாலு நாளா நீங்க எங்கன போயிருந்தீக?"

ரிசீவரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, விரலில் இருந்த மையைச் சேலையில் அழுத்தித் துடைத்தார்.